மூன்று மில்லி மருந்து

மூன்றாம் ஆண்டு வேதியியல் மாணவன்

"ஏம்ப்பா, நீ காலேஜ்ல மருந்துதானே படிக்கிற? இந்த முதுவு ஊசியில எவ்ளோ மருந்து போடுவாங்க?"

சென்ற ஆண்டு ஆவணி மாதத்து மழை நாளொன்றில், நம் மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றின் கட்டிலில் படுத்துக்கொண்டு என் தந்தை என்னிடம் கேட்ட கேள்வி இது. நான் படிப்பது வேதியியல். ஆனால் என் தந்தைக்குப் புட்டியில் ஊற்றி வைத்திருப்பதெல்லாம் மருந்துதான். அவருக்கு எதிரே, கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் மகன் வாயடைத்து நின்றேன். பிறகு, எல்லோரும் சொல்வதையே நானும் சொன்னேன்: "கொஞ்சந்தாம்ப்பா. ஒண்ணும் ஆகாது."

நண்பர்களே, அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

என் தந்தை பென்னாகரம் வட்டத்தில் மானாவாரி நிலத்தை நம்பி வாழும் உழவர். கேழ்வரகு மூட்டையைத் தோளில் ஏற்றி ஏற்றி அடிவயிற்றில் குடலிறக்கம் கண்டுவிட்டது. இரண்டு ஆண்டுகள் அதை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டே வேலை செய்தார். ஆபரேஷன் என்றால் அவருக்கு அச்சமில்லை. முதுகில் போடும் ஊசிக்குத்தான் அச்சம். எங்கள் தெருவில் அந்த ஊசி போட்டுக்கொண்ட ஒருவர், "அன்னியோட என் இடுப்பு போச்சு" என்று திண்ணையில் உட்கார்ந்து சொல்லாத நாளில்லை. சிசேரியன் செய்துகொண்ட பெண்களும் அதையே சொல்வார்கள். "காலு வராம போயிட்டா ஏரு புடிக்கிறது யாரு?" என்பது என் தந்தையின் கேள்வி. உழைத்துப் பிழைப்பவன் கேட்கும் கேள்விதான் அது. சிரிப்பதற்கு அதில் ஒன்றுமில்லை.

ஓர் இரவு அந்த வீக்கம் உள்ளே போக மறுத்தது. வலியில் துடித்தவரை நூற்றெட்டு வண்டியில் ஏற்றினோம். மருத்துவமனையில் ஒருவாறு அதை உள்ளே தள்ளிவிட்டார்கள். "அடுத்த முறை குடல் சிக்கிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்று அழுகிவிடும். இனித் தள்ளிப் போடாதீர்கள்" என்று அறுவை மருத்துவர் எச்சரித்தார். முப்பது ஆண்டுகள் பீடி குடித்த நெஞ்சு; காலையில் எழுந்தால் இருமல் ஓய அரை மணி நேரம் ஆகும். முழு மயக்கம் கொடுத்துத் தொண்டையில் குழாய் வைப்பதைவிட, இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்வது அவருக்கு நல்லது என்றார்கள். எந்த ஊசிக்கு இரண்டு ஆண்டுகள் அஞ்சினாரோ, அந்த ஊசியே எதிரில் வந்து நின்றது.

"நீ என்ன சொல்ற? நீ சொன்னா கையெழுத்துப் போடறேன்" என்றார் அப்பா. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவனே. நான் தலையசைத்தேன். அவர் கையெழுத்திட்டார். என் அறியாமையின் மேல் தம் இரண்டு கால்களையும் வைத்துக் கையெழுத்திட்டார் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

மயக்க மருந்து டாக்டர் ஒரு பெண்மணி. மறுநாள் ஆபரேஷன் என்றால் முதல்நாள் மாலையே வந்து நோயாளியைப் பார்த்தார். நாடியையும் நெஞ்சையும் பார்த்தவர், வாயைத் திறக்கச் சொன்னார். அப்பாவின் பற்களில் உள்ள பழுப்புக் கறையைப் பார்த்ததும், "ஐயா, உங்களுக்கு எந்த ஊர்த் தண்ணி?" என்று கேட்டார். ஊரைச் சொன்னதும், எழுந்து நின்று குனியச் சொன்னார். அப்பாவால் முழங்காலுக்குக் கீழே கை கொண்டுபோக முடியவில்லை. முதுகு பலகைபோல் நின்றது. முதுமை என்று நாங்கள் நினைத்திருந்தோம். "புளோரைடு" என்றார் டாக்டர். அந்தத் தண்ணீரைப் பல்லாண்டுகள் குடித்தால் எலும்பு தடித்து, முதுகெலும்பை இணைக்கும் தசைநார்களிலும் சுண்ணாம்பு படிந்து இறுகிவிடுமாம். ஊசி உள்ளே செல்லும் வழியே அந்த நார்களின் ஊடேதான்.

அப்பாவின் முகம் சுருங்கியது. நான் அவசரமாக, "ஒண்ணும் ஆகாதுப்பா" என்றேன். டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லாதீங்க. என்ன ஆகும்னு சொல்லுங்க. தெரியலைன்னா என்னைக் கேளுங்க."

பின்பு அவரே கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னார். தண்டுவடம் முதுகின் மேற்பகுதியிலிருந்து இறங்கி, இடுப்பெலும்பு வரிசையின் முதல் அல்லது இரண்டாம் எலும்போடு முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே ஒரு பையில் தெளிந்த நீரும், அதில் குதிரைவால் மயிர்போல் தொங்கும் நரம்புகளும்தான் இருக்கின்றன. ஊசி அந்தக் கீழிடத்தில்தான் போகும். மருந்து அந்த நீரில் கலந்து நரம்புகளைச் சில மணி நேரம் உறங்கவைக்கும். பின் ரத்தத்தோடு கலந்து போய்விடும். கால் கட்டைபோல் ஆகும். பிரஷர் இறங்கித் தலை சுற்றலாம். அதற்கு மருந்து உண்டு. ஊசி போட்ட இடம் இரண்டொரு நாள் வலிக்கும். சிலருக்குத் தலைவலி வரும். ஊசித் துளை வழியே அந்த நீர் கசிவதால் வருவது அது. மெல்லிய ஊசி வந்தபின் அது குறைந்துவிட்டது. நரம்புக்கே கேடு வருவது மிக மிக அரிது. ஆனால் வரவே வராது என்று சொல்ல முடியாது. ஆண்டுக்கணக்கில் தொடரும் இடுப்பு வலியை அந்த ஊசியின் மேல் போடுகிறார்கள். ஆராய்ந்து பார்த்தவர்கள் அதற்கும் ஊசிக்கும் தொடர்பு காணவில்லை.

"மருந்து மேல ஏறி நெஞ்சை அடைச்சிடாதாம்மா?" என்று கேட்டார் அப்பா.

"சர்பத் கடையில கண்ணாடி டம்ளர் தண்ணியில நன்னாரிச் சாறு ஊத்தினா எங்க போகும்?"

"அடியில போயி நிக்கும்."

"இந்த மருந்திலயும் சர்க்கரை கலந்திருக்கு. கனமா இருக்கும். எந்தப் பக்கம் தாழ்வோ அந்தப் பக்கம் போகும். உங்களை எப்படிப் படுக்க வைக்கிறேனோ அப்படித்தான் அது ஓடும். நான் பக்கத்திலேயே இருப்பேன்."

அப்பா தலையாட்டினார். நான் இரண்டு ஆண்டுகளாகச் சொல்லித் தீராத அச்சம், ஒரு டம்ளர் சர்பத்தில் பாதி தீர்ந்தது.

அன்று டாக்டர் ஒரு கண்ணாடிக் குப்பியை எனக்குக் காட்டினார். தமிழ்நாடு அரசு வழங்கல், விற்பனைக்கு அல்ல என்று அச்சிட்டிருந்தது. புபிவகெய்ன், 0.5 சதவீதம், நான்கு மில்லி. ஒவ்வொரு மில்லியிலும் மருந்து 5 மில்லிகிராம், குளுக்கோஸ் 80 மில்லிகிராம். "மூணு மில்லி போடுவேன். எத்தனை மில்லிகிராம்? நீங்க கெமிஸ்ட்ரிதானே?" என்றார். நூறு மில்லியில் அரை கிராம். ஒரு மில்லியில் ஐந்து மில்லிகிராம். மூன்று மில்லியில் பதினைந்து. சொல்லிவிட்டேன். ஆனால் சொல்லும்போது நாக்கு குழறியது. அதற்குக் காரணம் உண்டு.

இரண்டாம் ஆண்டில் ஒருநாள் நம் ஆய்வுக்கூடத்தில் நான் தயாரித்த கரைசல், இருக்க வேண்டிய செறிவைப்போல் பத்து மடங்காக இருந்தது. தசமப் புள்ளியை ஓரிடம் தள்ளி வைத்துவிட்டேன். தரம்பார்க்கையில் பியூரெட் திறந்த கணத்திலேயே நிறம் மாறிப் போயிற்று. பேராசிரியர் ஒன்றும் சொல்லவில்லை; "தொட்டியில் ஊற்றிவிட்டு மறுபடியும் செய்" என்றார். நண்பர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆய்வுக்கூடத்தில் தவறு தொட்டியோடு போய்விடுகிறது. முதுகுக்குள் போனால் அதை ஊற்றிவிட்டு மறுபடியும் செய்ய எந்தத் தொட்டி இருக்கிறது?

அந்த வெட்கமே என்னைப் படிக்கத் தூண்டியது. படித்ததில் எனக்குத் தெளிவானதைச் சொல்கிறேன்.

முதுகு ஊசி பிறந்த ஊர் ஜெர்மனியில் உள்ள கீல் நகரம். 1898 ஆகஸ்ட் 16ஆம் நாள் அறுவை மருத்துவர் ஆகஸ்ட் பியர், கணுக்காலில் காசநோய் கண்ட ஒரு தொழிலாளியின் முதுகில் கோகெய்ன் கரைசலைச் செலுத்தி, வலியில்லாமல் அறுவை செய்தார். அதன் செறிவு 0.5 சதவீதம், அளவு மூன்று மில்லி, ஆகப் பதினைந்து மில்லிகிராம். எண்களைப் பாருங்கள்! நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் கடந்து என் தந்தைக்குப் போடவிருந்த அதே எண்கள். ஆனால் பொருள் வேறு. கோகெய்னின் ஐந்து மில்லிகிராமும் புபிவகெய்னின் ஐந்து மில்லிகிராமும் நிறுவையில் ஒன்று, நரம்பில் ஒன்றல்ல. பொருளின் பெயரில்லாத எண்ணுக்குப் பொருளில்லை.

எட்டு நாள் கழித்து பியரும் அவருடைய உதவியாளர் ஹில்டெபிராண்டும் தம்மீதே சோதனை செய்துகொண்டனர். பியரின் முதுகில் ஊசி ஏற்றியபோது, சிரிஞ்சு ஊசியோடு சரியாகப் பொருந்தாமல் தண்டுவட நீரும் மருந்தும் சிந்திப் போயின. உடனே ஹில்டெபிராண்டு தம் முதுகைக் காட்டினார். அவருக்குப் போட்டது ஒரு சதவீதக் கரைசல், அரை மில்லி. ஐந்து மில்லிகிராம்! முதல் நோயாளியின் மருந்தைவிடச் செறிவு இரு மடங்கு. உடலில் சென்ற மருந்தோ மூன்றில் ஒரு பங்கு. தொடையில் குத்தினார்கள், சுருட்டால் சுட்டார்கள், முழங்காலுக்குக் கீழே இரும்புச் சுத்தியலால் அடித்தார்கள், வலிக்கவில்லை. முக்கால் மணி நேரத்தில் மருந்து தெளிந்துவிட்டது. இருவரும் அன்றிரவு விருந்துண்டு, மதுவருந்தி மகிழ்ந்தார்கள். பிறகு வந்தது தலைவலி. படுத்தால் தணிந்து, எழுந்தால் தாக்கிய அந்தத் தலைவலியோடு பியர் ஒன்பது நாள் படுக்கையில் கிடந்தார். எங்கள் டாக்டர் சொன்ன அதே தலைவலிதான்!

அன்று முதல் மருத்துவ உலகம் கேட்டுவரும் கேள்வி, எந்தச் செறிவு நல்லது என்பதே. புபிவகெய்ன் 1957இல் சுவீடனில் உருவாக்கப்பட்ட மருந்து. அமெரிக்காவில் முதுகு ஊசிக்கென விற்கும் குப்பியில் 0.75 சதவீதம் என்று எழுதியிருக்கும். நம் குப்பியில் 0.5 சதவீதம். பார்த்தவுடன் அதுதான் வீரியமானது என்று தோன்றும். ஆனால் அது இரண்டு மில்லிக் குப்பி. முழுவதும் இழுத்தாலும் பதினைந்து மில்லிகிராம்தான். நம்முடையது நான்கு மில்லி. முழுவதும் இழுத்தால் இருபது. "வீரியம்" குறைந்த குப்பியில்தான் மருந்து அதிகம்!

அரை சதவீதத்தில் மூன்று மில்லி போட்டாலும், முக்கால் சதவீதத்தில் இரண்டு மில்லி போட்டாலும், மரப்பு ஏறக்குறைய ஒரே உயரத்துக்குத்தான் ஏறுகிறது. பல ஆண்டுகள் ஒப்பிட்டுப் பார்த்த மருத்துவர்கள் கண்ட முடிவு இது: மரப்பின் உயரத்தைத் தீர்மானிப்பவை முதன்மையாக மூன்று. உள்ளே சென்ற மில்லிகிராம். தண்டுவட நீரோடு ஒப்பிடக் கரைசலின் கனம். நோயாளி படுத்திருக்கும் நிலை. சதவீதமும் மில்லியும் இவற்றுக்குப் பின்னே நிற்பவைதான். இதற்கும் மேலே, ஒவ்வொருவர் முதுகிலும் உள்ள நீரின் அளவு வேறு வேறு. ஒரே மருந்து ஒருவருக்குத் தொப்புளோடு நிற்கும். இன்னொருவருக்கு மார்புக்கு ஏறும். கருவுற்ற பெண்ணுக்கு இன்னும் குறைவான மருந்தே போதும். குப்பியின் மேல் எழுதியிருப்பது குப்பியைப் பற்றிய செய்தி. மனிதரைப் பற்றிய செய்தியை டாக்டர்தான் படித்தறிய வேண்டும்.

கனத்தைப் பற்றி யோசித்தவர் லண்டன் அறுவை மருத்துவர் ஆர்தர் பார்க்கர். 1907இல் அவர் மருந்தோடு குளுக்கோஸைச் சேர்த்துக் கனமாக்கினார். முதுகெலும்பின் வளைவைப்போல் கண்ணாடிக் குழாயை வளைத்து, அதில் கரைசல் எப்படி ஓடி எங்கே தேங்குகிறது என்று கண்ணால் பார்த்தார். நன்னாரி சர்பத்தின் தத்துவம் அதுவேயன்றோ! மூல நோய்க்கு அறுவை என்றால் ஊசி போட்டுச் சிறிது நேரம் உட்கார வைத்தால் போதும், மருந்து அடியிலேயே தங்கும். ஒரு காலில் மட்டும் அறுவை என்றால் அந்தப் பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்தால், அந்தக் கால் கூடுதலாக மரக்கும்.

அப்படியானால் செறிவுக்கு மதிப்பே இல்லையா? உண்டு. நரம்பைத் தொடும் இடத்தில் கரைசல் எவ்வளவு அடர்த்தியாக நிற்கிறது என்பது, நரம்பின் உயிருக்கே முக்கியமானது. ஐந்து சதவீத லிக்னோகெய்ன், குளுக்கோஸ் கலந்தது, உலகெங்கும் நீண்ட நாள் முதுகு ஊசியாக வழங்கியது. நம் நாட்டிலும்தான். 1991இல், நூல்போன்ற மெல்லிய குழாய் வழியே அந்தக் கனத்த மருந்தை மீண்டும் மீண்டும் செலுத்தியதால், அது கலந்து பரவாமல் ஒரே இடத்தில் தேங்கி, கீழ் நரம்புகள் கெட்டுப்போன நோயாளிகளைப் பற்றிய செய்திகள் வெளிவந்தன. 1993இல், ஒரே ஊசியாகப் போட்டவர்களில்கூடச் சிலருக்கு இரண்டொரு நாள் பிட்டத்திலும் காலிலும் வலி வருவது பதிவாயிற்று. நீரூற்றிச் செறிவைக் குறைத்துப் பார்த்தார்கள். அந்த வலி அப்போதும் விடவில்லை. ஒரு கேட்டுக்குச் செறிவு காரணம். மற்றொன்றுக்குப் பொருளே காரணம். அதன் பின்னர் பலரும் புபிவகெய்னுக்கு மாறினார்கள்.

இன்னொரு செய்தியையும் மறைக்கக் கூடாது. 1947 அக்டோபரில் இங்கிலாந்தின் செஸ்டர்பீல்டு மருத்துவமனையில், ஒரே நாளில், ஊல்லி, ரோ என்ற இருவர் சிறு அறுவைக்காக முதுகு ஊசி போட்டுக்கொண்டனர். இருவருக்கும் கால்கள் முடங்கிப் போயின. மருந்துக் குப்பிகளைக் கிருமி நீக்கப் பீனால் கரைசலில் போட்டு வைத்திருந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் வழியே பீனால் உள்ளே புகுந்துவிட்டது என்று வழக்கில் முடிவாயிற்று. 1954இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அன்றைய அறிவுக்கு எட்டாத ஆபத்துக்காக மருத்துவரைக் குற்றம் சொல்ல முடியாது என்று தீர்த்தது. பாத்திரத்தைச் சுத்தம் செய்யப் பயன்பட்ட அமிலம் தங்கிப்போனதே காரணம் என்று பின்னாளில் ஆராய்ந்தவர்கள் கருதினார்கள். எதுவாயினும், கெடுத்தது மருந்தன்று. மருந்தோடு புகுந்த ஏதோ ஒன்று. எங்கள் தெருத் திண்ணைப் பேச்சுக்கு இப்படியும் ஒரு வேர் உலகில் உண்டு. வெறும் மூடநம்பிக்கை என்று நாம் தள்ளிவிடும் அச்சத்துக்குள், யாரோ ஒருவரின் முடங்கிய கால்கள் இருக்கக்கூடும்.

நல்லவேளை, ஊல்லி, ரோ கதையை அந்த ஆவணி மாதத்தில் நான் அறிந்திருக்கவில்லை. அறிந்திருந்தால் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் என்னால் நின்றிருக்கவே முடியாது.

காலை ஒன்பதரைக்கு அப்பாவை உள்ளே கொண்டுபோனார்கள். உள்ளே நடந்ததை அவரே பின்பு சொன்னார். உட்காரவைத்து, தலையணையை மடியில் கட்டிக்கொண்டு குனியச் சொன்னார்களாம். முதல் ஊசி எலும்பில் இடித்து நின்றது. இரண்டாவதும் அப்படியே. "கல்லுல கடப்பாரை போட்டாப்பல இருந்திச்சு" என்றார். டாக்டர் பதறவில்லை. நடுக்கோட்டை விட்டு, சற்றுப் பக்கவாட்டிலிருந்து சாய்த்து ஏற்றினார். தெளிந்த நீர் சொட்டியது. மூன்று மில்லியும் உள்ளே போயிற்று. படுக்க வைத்து, ஸ்பிரிட் பஞ்சால் காலிலிருந்து மேல்நோக்கித் தொட்டுத் தொட்டுக் கேட்டாராம். "மொதல்ல ஐஸாட்டம் இருந்திச்சு. அப்புறம் சில்லுன்னு தெரியல, தொடறது மட்டும் தெரிஞ்சிது. அப்புறம் அதுவுந் தெரியல." நரம்புகள் உறங்கும் வரிசையை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூல் எழுதிவிடும்? குளிர்ச்சியும் கூரிய வலியும் முதலில் மறையும். தொடுவுணர்வு பின்னால் மறையும்.

இடையில் தலை சுற்றியதாம். பிரஷர் இறங்கியிருக்கிறது. "இது நான் நேத்து சொன்னதுதான் ஐயா" என்று சொல்லிக்கொண்டே டாக்டர் மருந்து கொடுத்திருக்கிறார். அந்த ஒரு வாக்கியம்தான் தனக்குத் தைரியம் தந்தது என்று அப்பா இன்றும் சொல்வார். "ஒண்ணும் ஆகாது" என்ற என் சொல்லை மட்டும் நம்பி அவர் உள்ளே போயிருந்தால், அந்தத் தலைசுற்றலில் எவ்வளவு அஞ்சியிருப்பார்!

பதினொன்றரை மணிக்கு வெளியே கொண்டுவந்தார்கள். குடலிறக்கம் சரியாகிவிட்டது. அப்பா விழித்திருந்தார், பேசினார். ஆனால் போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த பாதங்கள் அவருடையவையாகவே இல்லை. தொட்டேன், தெரியவில்லை என்றார். அம்மா கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்துவிட்டாள். பன்னிரண்டு மணி, பன்னிரண்டரை, ஒரு மணி. என் கண் கடிகாரத்துக்கும் அந்தக் கால் கட்டைவிரலுக்கும் இடையே அலைந்தது. மூன்று நான்கு மணி நேரம் ஆகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கணக்கு எனக்குத் தெரியும். ஆயினும் கணக்கு தெரிந்தவனுக்கும் நெஞ்சு என்று ஒன்று இருக்கிறதே!

ஒன்றே முக்கால் மணிக்கு இடக்கால் கட்டைவிரல் அசைந்தது. அம்மாதான் முதலில் பார்த்தாள். அவள் ஒன்றும் பேசவில்லை. அந்த விரலைக் கையால் பிடித்துக்கொண்டாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு சன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

தலைவலி வரவில்லை. ஊசி குத்திய இடம் மூன்று நாள் வலித்தது. அந்த ஊசியால் முதுகின் விறைப்பு கூடவுமில்லை, குறையவுமில்லை. ஊருக்கு வந்ததும் திண்ணைக்காரர் விசாரித்தபோது அப்பா சொன்னார்: "மூணு மில்லி. பதினஞ்சு மில்லிகிராம். சக்கரை போட்டது. நாலு மணி நேரம்." எனக்குச் சிரிப்பு வந்தது, பெருமையும் வந்தது.

ஆனால் அவருடைய அடுத்த கேள்வி என்னைத் தைத்தது. "அது சரி, நான் குடிச்ச தண்ணியில எவ்ளோ இருந்திச்சு?"

கணக்குப் போட்டேன். குடிநீரில் புளோரைடு ஒரு லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குள் இருப்பது விரும்பத்தக்கது. வேறு நீர் இல்லையென்றால் ஒன்றரை வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. ஒரு கிணற்றில் மூன்று மில்லிகிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சதவீதமாகச் சொன்னால் 0.0003. கேட்பவர் சிரிப்பார்கள். ஆனால் வெயிலில் ஏர் பிடிப்பவர் நாளொன்றுக்கு மூன்று லிட்டராவது குடிப்பார், ஒன்பது மில்லிகிராம். இரண்டு நாளில் பதினெட்டு! முதுகு ஊசியில் சென்ற மருந்தின் எடையை என் தந்தை இரண்டே நாளில் தாண்டியிருப்பார். மருந்து சில மணி நேரத்தில் நரம்பை விட்டுப் போய்விட்டது. புளோரைடு எலும்பில் தங்கி, நாற்பது ஆண்டுகளாக முதுகை இறுக்கியது. இரண்டும் வேறு பொருள்கள். ஒன்றை மற்றொன்றோடு நிறுக்க முடியாது என்பதை அறிவேன். ஆனால் பார்வைக்கு அஞ்சவைத்த செறிவு அவரைக் காப்பாற்றியது. பார்வைக்கே படாத செறிவு அவரை முடக்கியது. ஊசிக்குக் கையெழுத்துக் கேட்டார்கள். கிணற்றுத் தண்ணீருக்கு யார் கையெழுத்துக் கேட்டார்கள்?

2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கிய பின் காவிரி நீர் நம் ஊர்களுக்குக் குழாயில் வருகிறது. என் தம்பியின் பற்களில் கறையில்லை. குழாயில் நீர் வராத நாளில் மட்டும் பழைய ஆழ்துளைக் கிணற்றை நாடுவோர் இன்னும் உண்டு. சில நாள்தானே, ஒன்றும் ஆகாது என்பார்கள். மீண்டும் அதே சொல்!

பேராசிரியப் பெருமக்களே, நண்பர்களே! இந்தக் கல்லூரியிலிருந்து வெளியேறும் நம்மில் சிலர் ஆய்வுக்கூடத்துக்குப் போகலாம். சிலர் மருந்துத் தொழிற்சாலைக்கோ, குடிநீர்ச் சோதனைக்கோ, பள்ளிக்கூடத்துக்கோ போகலாம். எங்கே போனாலும் நம் வீட்டில், நம் தெருவில், நம்மை "படிச்ச பிள்ளை" என்று நம்பி ஒருவர் கேள்வி கேட்பார். அவருக்குச் சதவீதத்தை மட்டும் சொல்லிவிட்டு நகராதீர்கள். என்ன பொருள், எத்தனை மில்லிகிராம், எங்கே போகிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது, யாருடைய உடலுக்குப் போகிறது என்று கேட்டுச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லி, தெரிந்தவரிடம் அழைத்துப் போங்கள்.

சென்ற வாரம் ஆய்வுக்கூடத்தில் கரைசல் புட்டிக்குச் சீட்டு ஒட்டினேன். பொருளின் பெயர், செறிவு, நாள் எல்லாம் எழுதிய பின், வழக்கத்துக்கு மாறாக, ஒரு மில்லியில் எத்தனை மில்லிகிராம் என்பதையும் கீழே எழுதினேன். பக்கத்து மேசை நண்பன், "இது யாருக்கடா?" என்று கேட்டான்.

"எங்க அப்பா கேட்பார்" என்றேன்.